"யார் வந்தாலும் ஒண்டுதான்" எண்டு சொல்லுற ஆக்களுக்கு

2024 செப்டம்பர் 21 கிட்டக் கிட்ட வர இந்தக் கதை கூடிக்கொண்டு போனது. "யார் ஜனாதிபதியா வந்தாலும் தமிழருக்கு ஒண்டுதான். இது அவையின்ர தேர்தல்." ஊருக்குள்ள இதைக் கேக்கிறது குறைவு. கொழும்பில இருந்தும் யாழ்ப்பாண ரவுணில இருந்தும் போன் எடுக்கிற எங்கட சொந்தக்காரர்தான் கூடச் சொல்லினம். படிச்ச ஆக்கள், பேப்பர் பாக்கிற ஆக்கள். அதோட இன்னொண்டும் சொல்லுவினம்: "ஊர்ச்சனம் அரிசி மூடைக்கு வோட்டுப் போடுற சனம்தானே." ரெண்டுக்கும் சேத்து மறுமொழி எழுதுறன்.

ஒண்டுதானோ எண்டு என்ர வயலைக் கேளுங்கோ. எனக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழ ரெண்டரை ஏக்கர். 2021 ஏப்ரலில இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள்ள வராது எண்டு ஜனாதிபதி அறிவிச்சார். மே மாதம் வர்த்தமானி வந்திட்டுது. நவம்பரில தடையை எடுத்தினம். ஆனா அதுக்குள்ள காலபோகத்துக்கு விதைச்சாச்சு. பயிர் மஞ்சளடிச்சு நிண்டுது. ஏக்கருக்கு 24 மூடை வெட்டின இடத்தில 10 மூடை. கடனுக்கு வைச்ச நகை ரெண்டு வருசம் வீட்டுக்குத் திரும்பி வரேல்லை.

2019இல வடக்கில பெரும்பாலான சனம் கோத்தாபய ராஜபக்சவுக்கு வோட்டுப் போடேல்லை. ஆனா அவற்ற தடை எங்கட வரம்பு தாண்டித்தான் வந்தது. அவையின்ர தேர்தல் எண்டு சொல்லுறவை இதுக்கு என்ன சொல்லப்போறியள்?

இன்னும் ஒரு கதை இருக்கு. அந்தாளின்ர 2019 விஞ்ஞாபனத்தில இயற்கைப் பசளைக்கு மாறுற திட்டம் இருந்தது. பத்து வருசத்தில மாறுறது எண்டு எழுதியிருந்தது. அப்பவே எத்தினை பேர் "எப்பிடி?" எண்டு கேட்டவை? யூரியாவில நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒண்டில 23 கிலோ. காய்ஞ்ச மாட்டெருவில நூற்றுக்கு ஒரு பங்கு எண்டு வைச்சாலும், அந்த ஒரு மூடைக்கு ஈடாக ரெண்டு தொன்னுக்கு மேல எரு வேணும். நாடு முழுக்கப் போட அவ்வளவு எரு எங்க இருக்கு, எந்த மாடு போடும்? இந்தக் கணக்கை எங்கட கமநல சேவை நிலையத்தில வரிசையில நிக்கிற எந்தக் கமக்காரனும் அஞ்சு நிமிசத்தில சொல்லியிருப்பான். கேக்கத்தான் ஆள் இல்லை. அதால, விபரம் தெரிஞ்சு வோட்டுப் போடுறதுக்கும் பட்டத்துக்கும் முடிச்சுப் போடாதேங்கோ.

பட்டணம் மட்டும் என்ன செய்தது? அதே விஞ்ஞாபனத்தில வற் வரியை 8 வீதம் ஆக்குவம் எண்டு இருந்தது. 2019 டிசம்பரில 15இல இருந்து 8 ஆக்கினம். அப்ப கடைக்காரரும் உத்தியோகத்தரும் சந்தோசப்பட்டவை. அரசாங்கத்துக்கு வாற காசு குறைஞ்சா மருந்துக்கும் டீசலுக்கும் கடனுக்கும் எங்கயிருந்து குடுக்கிறது எண்டு கனபேர் கேக்கேல்லை. 2022இல எல்லாரும் சேந்துதானே பெற்றோல் வரிசையில நிண்டம். ஊர்ச்சனம் அரிசி மூடைக்குப் போட்டதெண்டா, நீங்கள் வரிக்குறைப்புக்குப் போட்டியள். வித்தியாசம் மூடையின்ர பெறுமதியில மட்டும்தான்.

"சரி, ஆனா எங்கட பிரச்சினையை ஆர் தீர்த்தது?" எண்டு கேப்பியள். நியாயமான கேள்வி. காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் கிளிநொச்சி றோட்டோரத்தில 2017இல குந்தினவை, இன்னும் மறுமொழி இல்லை. அதுக்காகக் கேள்வியை விடுறதோ, இன்னும் இறுக்கிக் கேக்கிறதோ? வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது. அதுக்குப்பிறகு தேர்தலே இல்லை. இப்ப மாகாணத்தை நடத்துறது ஆளுநர். ஆளுநரை நியமிக்கிறது ஜனாதிபதி. அப்ப நீங்கள் ஒண்டுதான் எண்டு சொல்லுற அந்தக் கதிரையில இருந்துதான் எங்கட பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் ஆள் வைச்சு நடத்தினம்.

அதால மேடையில ஒருத்தர் "13ஐத் தருவன்" எண்டு சொன்னாக் கை தட்டாதேங்கோ. காணி அதிகாரமோ, பொலிஸ் அதிகாரமோ, மாகாண சபைத் தேர்தல் மட்டுமோ? எந்தத் திகதிக்குள்ள? கொழும்பில தமிழில சொன்னதைத்தான் குருநாகலில சிங்களத்திலயும் சொன்னவரோ? பசளை மானியம், சம்பள உயர்வு எண்டா, காசு எங்கயிருந்து? சர்வதேச நாணய நிதியத்தோட 2023 மார்ச்சில செய்த ஒப்பந்தத்துக்குள்ள அது அடங்குமோ? கடைசியா, இவர் முந்திப் பாராளுமன்றத்தில எதுக்குக் கை உயர்த்தினவர்? விஞ்ஞாபனங்கள் தமிழிலயும் வந்திருக்கு. ஒரு பின்னேரம் போதும். ஒரு படம் பாக்கிற நேரம்.

அடுத்தது வாக்குச்சீட்டு. 2024 தேர்தலில 38 பேர் நிண்டவை. கனபேருக்கு ஒரு புள்ளடி போடுறதோட அலுவல் முடிஞ்சுது. ஆனா சட்டம் மூண்டு விருப்பம் தந்திருக்கு. பெயருக்கு நேர 1, 2, 3 எண்டு போடலாம். ஒருத்தருக்கும் செல்லுபடியான வாக்கில பாதிக்கு மேல வராட்டி, முதல் ரெண்டு பேரை விட்டிட்டு மற்ற எல்லாரையும் கழிச்சுப்போடுவினம். கழிபட்ட ஆளுக்கு நீங்கள் 1 போட்டிருந்தா, உங்கட 2ஐப் பாப்பினம். அது அந்த ரெண்டு பேரில ஒருத்தருக்கு இல்லாட்டி 3ஐப் பாப்பினம். 1982இல இருந்து 2019 மட்டும் எட்டுத் தேர்தல் நடந்தது, ஒருக்காவும் இரண்டாவது எண்ணிக்கை தேவைப்படேல்லை. 2024இல போட்டி மூண்டு பக்கமா இருந்தது, தேவைப்பட்டது.

தமிழ்ப் பொது வேட்பாளருக்குப் போடுறவை போடுங்கோ, அது உங்கட முடிவு. ஆனா அதுக்குப்பிறகு 2ஐயும் 3ஐயும் வெறுமனே விட்டா, கடைசி முடிவை மற்றவையிட்டக் குடுத்திட்டு வாறியள் எண்டு தெரிஞ்சு விடுங்கோ. புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில கலக்கவேண்டாம். ரெண்டு பேருக்குப் புள்ளடி போட்டா அந்தச் சீட்டுக் குப்பை.

ஊரில பதிவு வைச்சிருக்கிற ஆக்கள் கனபேர் கொழும்பில இருக்கிறியள். 2024இல வாக்களிப்பு சனிக்கிழமை காலமை 7 மணியில இருந்து பின்னேரம் 4 மணி மட்டும் இருந்தது. தேர்தலுக்கு முதல் நாள் இரவு பஸ்ஸுக்கு நேரத்தோட சீற் போட்டு வையுங்கோ. வரேக்க விஞ்ஞாபனத்தையும் கொண்டு வாங்கோ. நாங்கள் இஞ்ச காலபோகத்துக்கு உழவுமழை பாத்துக்கொண்டு இருக்கிறம். அடுத்த அஞ்சு வருசத்தில பசளை, தண்ணி, நெல்லு விலை எல்லாத்திலயும் அந்தக் கதிரையின்ர கை இருக்கும். உங்கட சோத்திலயும்தான்.