ஆய்வு அலமாரியில், நம் ஆள் குழியில்

நர்சிங் முடித்த தங்கை ஒருவர் போன வாரம் எங்களைக் கூப்பிட்டார். "அண்ணா, எம்.பி.எச். சேரலாம்னு இருக்கேன். அதுல இம்ப்ளிமெண்டேஷன் சயின்ஸ்னு ஒரு பாடம் இருக்கு. அது நமக்கு எதுக்காவது உதவுமா, இல்ல ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து பேசுறவங்களுக்கா?"

இன்றைக்கு அது ஏ.சி. ரூமில்தான் இருக்கிறது, அதனால்தான் நீ போக வேண்டும் என்றோம். போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல.

தமிழில் அதைச் செயலாக்க அறிவியல் எனலாம். ஒரு மருந்து வேலை செய்கிறது, ஒரு முறை உயிரைக் காப்பாற்றுகிறது என்று ஆய்வு நிரூபித்துவிடுகிறது. ஆனாலும் அது மக்களிடம் போய்ச் சேருவதில்லை. ஏன் சேரவில்லை, எப்படிச் சேர்ப்பது என்று ஆராய்வதுதான் இந்தத் துறை. 2006இல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. இன்று உலகம் முழுக்கப் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகளில் இது பாடமாகிவிட்டது.

கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு அவர்கள் எழுதும் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று திறக்கப்பட்டது. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மறு பாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். உலகம் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் விதத்தையே இந்த ஆய்வு மாற்றியது. 1962இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. ஆய்விலிருந்து நடைமுறைக்கு மூன்றே வருடம்!

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம். ஆனாலும் மருந்து ஒழுங்காக உள்ளே போனதால் நோய் அடங்கியது. இது அரசின் பணப்பைக்கு வசதியான செய்தி. மாத்திரை கொடுத்தார்கள், சோற்றை மறந்தார்கள். காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி என்று மத்திய அரசு கொடுக்கத் தொடங்கியது 2018இல். நோயாளியின் குடும்பத்துக்கு நல்ல உணவுப் பொருள் கொடுத்தால் அந்த வீட்டில் புதிதாகக் காசநோய் வருவது பெருமளவு குறையும் என்று ஜார்க்கண்டில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் காட்டியது. பசித்தவனைக் கேட்டிருந்தால் 1956லேயே சொல்லியிருப்பான்.

ஆக, செலவைக் குறைக்கும் ஆய்வு மூன்று வருடத்தில் திட்டமாகிறது. ஏழைக்குச் சோறு போடச் சொல்லும் அறிவு அறுபது வருடம் வரிசையில் நிற்கிறது. இந்த வித்தியாசத்தை விளக்காத செயலாக்க அறிவியல் எதற்கு?

அடுத்து, நம் ஆட்கள் செத்துக்கொண்டே இருக்கும் குழிக்கு வருவோம்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் என்பது பழைய அறிவியல். அளவு கூடினால் முதலில் மூக்கின் வாசனை அறியும் சக்தி போகும். பிறகு ஓரிரு மூச்சில் மயக்கம், மரணம். தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார். இதில் கண்டுபிடிக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை. இயந்திரங்கள் உண்டு. கையால் மலம் அள்ளுவதற்குத் தடை போட்ட சட்டம் 1993இல் வந்தது. 2013இல் புதுச் சட்டம் வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்ய உள்ளாட்சிகள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அதன் 33ஆவது பிரிவு சொல்கிறது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

அறிவியல் இருக்கிறது, கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. செயலாக்கம் மட்டும் இல்லை. இந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இந்த நாட்டில் உண்டா?

ஆனால் தடைகளின் பட்டியல் போடும்போது என்ன எழுதுகிறார்கள்? நிதிப் பற்றாக்குறை, பயிற்சிக் குறைவு, விழிப்புணர்வு இன்மை, கண்காணிப்புக் குறைவு. சாதி எங்கே? படிவத்தில் எஸ்.சி. என்று டிக் அடிக்கக் கட்டம் இருக்கும். அறிக்கையில் அது 'சமூகப் பொருளாதார நிலை' என்ற பெயரில் கரைந்துபோகும். குழிக்குள் இறங்குகிறவன் வேறு சாதிக்காரனாக இருந்திருந்தால் இயந்திரம் வர முப்பது வருடம் தாமதமாகியிருக்குமா? இதை ஆய்வுக் கேள்வியாக எழுதினால் 'அளவிட முடியாது' என்கிறார்கள். அளவிடலாம். யார் கூப்பிட்டார், யார் இறக்கினார், அன்று இயந்திரம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி நின்றது, வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது, இழப்பீடு எத்தனை மாதத்தில் வந்தது: எல்லாமே எண்ணக்கூடியவை.

'அணுகக் கடினமான மக்கள்' என்று இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே அரை கிலோமீட்டர். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் அணுகுகிறார்கள். தூய்மைப் பணிக்கு ஆள் பிடிக்க விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். சுகாதாரத் திட்டத்துக்கு மட்டும் நாம் எப்படித் தூரமாகிப் போனோம்?

சரி, நாமே படித்து இதையெல்லாம் எழுதலாம் என்றால் அங்கேயும் கதவு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி கிடையாது என்று சேர்த்தார்கள். பரோடா மன்னரின் உதவியில் 1913இல் கொலம்பியா போன பாபாசாகேப், 1916இல் அங்கே படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளைப் பற்றியது. இந்த விதி அன்று இருந்திருந்தால் அந்தத் தலைப்புக்குப் பணம் வந்திருக்காது.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு சாவுக்கும் ஓடினோம், மறியல் செய்தோம், உடலை வாங்க மறுத்தோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒரே படிவத்தில் எல்லாச் சாவையும் வருடக்கணக்கில் பதிந்து வைத்தோமா? கலெக்டர் ஆபீஸில் "தகவல் இல்லை" என்று சொன்னபோது தூக்கிப் போட நம் கையிலும் ஒரு ஃபைல் இல்லாமல் நின்றிருக்கிறோம். ஆய்வு என்றாலே என்.ஜி.ஓ. வேலை என்று நம்மில் பலர் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்துவிட்டோம்.

அதனால் தங்கைக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறோம். சேருங்கள். புள்ளியியலில் யாருக்கும் சளைக்காமல் நில்லுங்கள். தடைகளின் பட்டியல் திரையில் வரும்போது கையைத் தூக்கி, சாதி எங்கே என்று கேளுங்கள். ஆய்வேட்டுக்கு உங்கள் மாவட்டத்தின் குழிகளை எடுங்கள், உங்கள் காலனியின் காசநோயை எடுங்கள். முடித்ததும் அதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, யாருடைய கதையோ அவர்கள் முன்னால் வாசியுங்கள். அவர்கள் தவறு என்று சொல்லும் இடத்தைத் திருத்துங்கள்.

193 பேர் தங்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் இது. அடுத்த ஆய்வில் நம் பெயர் நோயாளிகள் பட்டியலோடு நிற்கக் கூடாது. எழுதியவர்கள் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.