குதிரைக்குப் புல் அறுக்க விவசாயி எவ்வளவு கேட்பார்?

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே நாலைந்து ஏக்கரோடு வீடு வாங்கி, இரண்டு குதிரைகள் வளர்ப்பது பலருடைய கனவு. நிலத்தில் புல் தானாக வளர்கிறது, குதிரை புல் தின்கிறது, இதில் என்ன பெரிய செலவு என்றுதான் முதலில் தோன்றும். பனி கொட்ட ஆரம்பித்ததும் கணக்கு இடிக்கும்.

வடக்கு மாநிலங்களில் குளிர்காலம் ஐந்தாறு மாதம் நீளும். அத்தனை நாளும் மேய்ச்சல் கிடையாது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ உலர்ந்த புல் வேண்டும். நம் ஊர் வைக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது. வைக்கோல் என்பது கதிரை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தாள். இது, முற்றுவதற்கு முன்பே பச்சையாக அறுத்து, சத்து போகாமல் வெயிலில் காயவைத்துக் கட்டுவது.

அதற்கான இயந்திரங்களை நாலைந்து ஏக்கருக்காக யாரும் வாங்குவதில்லை. பக்கத்து விவசாயியைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வந்து புல்லை வெட்டுவார், ஒருநாள் கழித்துப் புரட்டிப் போடுவார், பிறகு வரிசையாகக் கூட்டுவார், கடைசியில் பேலர் இயந்திரத்தை ஓட்டிக் கட்டுகளாக்குவார். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட். அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை இந்தக் கூலி விவரங்களை விவசாயிகளிடமே கேட்டுத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. பேரம் பேச உட்காரும் இரண்டு தரப்புமே அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஏக்கர், இரண்டு குதிரைகள். ரேட் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தோராயமாக வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு ஏக்கருக்கு 17 டாலர், புரட்ட 8, கூட்ட 8. ஐந்து ஏக்கருக்கு 165 டாலர். முதல் அறுப்பில் ஏக்கருக்கு 1,350 கிலோ கிடைத்தால், 20 கிலோ கட்டுகளாக ஏறக்குறைய 330 கட்டுகள் தேறும். கட்டுக்கு ஒரு டாலர் என்றால் 330. ஆக, 500 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியில் ஏற்றிக் கொட்டகையில் அடுக்குகிற ஆள்கூலியையும் சேர்த்தால் ஒரு கட்டு இரண்டு, இரண்டரை டாலரில் முடிந்துவிடும். வெளியில் அதே தரக் கட்டு ஐந்து டாலருக்கும் மேலே. அந்த 330 கட்டுகள் இரண்டு குதிரைகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடச் சாப்பாடு!

காகிதத்தில் கொள்ளை லாபம்தான். ஆனால் விவசாயி வர வேண்டுமே?

ஐந்து ஏக்கருக்காக அவர் நான்கு இயந்திரங்களை ரோட்டில் ஓட்டிக்கொண்டு, மூன்று நாட்களில் மூன்று நான்கு தடவை வந்து போக வேண்டும். சின்ன நிலத்தில் திரும்புவதற்கே பாதி நேரம் போய்விடும். அதனால் பலர் ஏக்கர் கணக்கைக் கேட்பதில்லை. குறைந்தபட்சத் தொகை ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயம்தான். இன்னொரு சிக்கல், பலர் சின்னக் கட்டுகளையே கைவிட்டுவிட்டார்கள். டிராக்டரால் தூக்கும் பெரிய உருளைக் கட்டுதான் அவர்களுக்குச் சுலபம். இரண்டு குதிரைகள் வைத்திருப்பவருக்கு அது தோதுப்படாது. பிரித்த கட்டு தின்று தீருமுன் நனைந்து வீணாகும்.

எல்லாவற்றுக்கும் மேல் வானம். வெட்டிய புல் காய மூன்று நாட்களாவது வெயில் வேண்டும். நாம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். ஆங்கிலத்தில் அதே பழமொழி வெயிலையும் புல்லையும் வைத்துத்தான் இருக்கிறது. அந்த மூன்று நாள் வெயில் ஊருக்கே ஒரே சமயத்தில்தான் அடிக்கும். விவசாயி முதலில் தன் நிலத்தைத்தான் பார்ப்பார். நம் முறை வரும்போது புல் முற்றியிருக்கலாம், மழையும் வந்திருக்கலாம்.

வெட்டிப் போட்ட பிறகு மழை வந்தால் யாருக்கு நஷ்டம்? கூலிக்குப் பேசியிருந்தால் நிலத்துக்காரருக்குத்தான். விவசாயி வெட்டினார், கட்டினார், கூலி கூலிதான். வாரத்துக்கு விட்டு ஆளுக்குப் பாதி என்று பேசியிருந்தால் நஷ்டமும் பாதி என்று தோன்றும். அப்படியில்லை. நனைந்து நிறம் மங்கிய புல்லைப் பெரும்பாலும் மாடு ஏற்றுக்கொள்ளும். மாடு வைத்திருக்கும் விவசாயிக்கு அவருடைய பாதி பயன்படும். குதிரைக்காரரின் பாதி அப்படியே கிடக்கும்.

காரணம், குதிரையின் உடம்பு. சற்றே பூசணம் பிடித்த புல்கூட அதற்கு மூச்சிரைப்பையோ வயிற்றுவலியையோ கொண்டுவந்துவிடும். ஒவ்வாததைத் தின்றால் வாந்தியெடுக்கவும் அதற்கு முடியாது. வயிற்றுவலி முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் வரை போனால் பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். கட்டுக்கு ஒரு டாலர் மிச்சம் பிடித்த கணக்கு அங்கே நிற்காது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டினால் பூசணம் மட்டுமல்ல, கட்டு உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கொட்டகை தீப்பிடிப்பதும் உண்டு. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ரேட்டைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதில்லை. ஈரம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறாரா, காயவில்லை என்றால் இன்னொரு நாள் பொறுப்பாரா என்றுதான் கேட்கிறார்கள். பொறுப்பவருக்கு நூறு டாலர் கூடக் கொடுக்கலாம்.

வாரத்துக்கு விடுவதில் கைக்காசு செலவில்லை. ஆனால் 330 கட்டில் பாதி போனால் மிஞ்சுவது 165. அது ஒரு குளிர்காலத்துக்குத்தான் வரும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு டன் புல்லோடும் மண்ணிலிருந்து இருபது கிலோவுக்கு மேல் பொட்டாஷ் வெளியேறுகிறது. உரம் போடுவது யார் என்று பேசாமலே வருடக்கணக்கில் பாதிப் பாதி அறுத்தால் நிலம் மெலிந்துபோகும், புல் இருந்த இடத்தில் களை ஏறும். அதன் பிறகு அந்த நிலத்தை அறுக்க வாரத்துக்குக்கூட ஆள் வரமாட்டார்.

பேச்சுவார்த்தைக்கு நல்ல மாதம் பிப்ரவரி, மார்ச். அப்போது விவசாயிக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். ஜூனில் போன் செய்தால் அவர் டிராக்டர் மேல் இருப்பார். எடுக்கமாட்டார்.