மரத்தை எண்ணும்போது அண்ணாந்தும் பாருங்க

ஆர்க்கிட்னா உங்களுக்கும் கல்யாண மேடையில வைக்கிற ஊதாப் பூதானே ஞாபகம் வரும்? எனக்கும் அப்படித்தான். பிளஸ் டூ படிக்கும்போது, பாகூர் பக்கம் எங்க ஆயா வீட்டு மாமரத்துல தடித்த வேரோட ரெண்டு செடி ஒட்டிக்கிட்டிருந்தது. "புல்லுருவி, மரத்தோட சத்தை உறிஞ்சிடும்"னு சொல்லி ஒண்ணை நானே பிய்த்துப் போட்டேன். இன்னொண்ணு கைக்கு எட்டல.

எட்டாத அந்தச் செடி போன கோடையில பூத்தது. பச்சை கலந்த மஞ்சள் இதழ்ல பழுப்பு நிறக் கட்டங்கள், நடுவுல நீல ஊதா. ஏணி வைத்து ஏறிப் பார்த்தா அவ்வளவு வாசனை!

பேரு வாண்டா டெசல்லட்டா. 1795இல் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலிலேயே இது இருக்கு. நம்ம கரையோட சொந்தச் செடி. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை இறக்கிச் சாறு எடுக்கும். இது உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். வேரைச் சுற்றி இருக்கும் பஞ்சு போன்ற வெள்ளை உறை மழைநீரைப் பிடித்துக்கொள்ளும்; உணவை இலையே தயாரிக்கும்.

சிக்கல் விதையிலதான். தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. சரியான பூஞ்சை துணைக்கு இருந்தாத்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருஷம் ஆகும்.

இப்ப நம்ம கணக்குக்கு வாங்க. வில்லியனூரோ பாகூரோ, ரோட்டுக்காகவோ மனைக்காகவோ ஒரு பழைய புளியமரம் விழுந்தா, "ஒண்ணுக்குப் பத்துக் கன்னு நடுவோம்"னு சொல்லி முடிச்சிடறோம். அந்தக் கன்னுல சொரசொரப்பான பட்டை வந்து, பூஞ்சை வந்து, விதை வந்து ஒட்ட எத்தனை காலம்? வெட்டினது ஒரு மரம் இல்லை, ஒரு குடியிருப்பு.

ஒரு பூவுக்காக ரோடு நிக்கணுமான்னு கேட்பீங்க. நிக்க வேண்டாம். ஆனா நாளைக்கு சர்வேக்குப் போகப்போறது நாமதான். அடிமரத்தை டேப்பில் அளக்கும்போது கொஞ்சம் அண்ணாந்தும் பாருங்க. பாதையை நகர்த்தி மரத்தைக் காப்பாத்த முடியுமான்னு முதல்ல கேளுங்க. முடியவே முடியாதுன்னா, மரம் சாய்வதற்கு முன்னாடி செடியை வேர் அறுபடாம எடுத்து, பக்கத்து மரத்துல நிழலா ஒரு கிளையில் கயிற்றால் கட்டச் சொல்லுங்க. அரை நாள் வேலை.

நான் பிய்த்த இடத்துல இன்னும் வெறும் பட்டைதான் இருக்கு.