வாசலுக்கு வந்த வாணிகத்தை விரட்டுவதா?

பிறருடைய வெறுப்பை இரவலாக வாங்கி, அதற்கு வட்டியைத் தம் கைப்பொருளிலிருந்தே கட்டும் மக்கள் உலகில் உண்டா? உண்டு, அவர்கள் நம்மிடையேதான் இருக்கின்றார்கள். ‘ஹலால்’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் தமிழ்க் கனவான்கள் சிலரைக் கருதியே இதனைச் சொல்கின்றோம்.

2013ஆம் ஆண்டில் இந்நாட்டில் நடந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடைப் பொருள்களின் உறைகளில் இருந்த ஹலால் முத்திரையை ஏதோ நாட்டைக் கவிழ்க்க வந்த சதியெனச் சித்திரித்து, பொதுபல சேனாவினர் கூட்டங் கூட்டி முழங்கினர். அதுவரை சான்றிதழ் வழங்கிவந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அமைதியை முன்னிட்டு, அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உள்நாட்டுச் சந்தைக்கான முத்திரையை விட்டுக்கொடுத்தது. ஆனால், ஏற்றுமதிப் பொருள்களுக்கு மட்டும் அது இருக்கலாமாம்! இங்கே விற்றால் நஞ்சு, கப்பலேறினால் அமுதம் என்பதுதானே இதன் பொருள்? விட்டுக்கொடுத்ததனால் அமைதி வந்ததா? 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது. 2018 மார்ச்சில் திகனை எரிந்தது. 1958இலும் 1983இலும் தன் வீடும் கடையும் எரியக் கண்ட தமிழன், அந்த நெருப்பில் குளிர்காய நினைப்பானாயின் அவனைப்போற் பேதை யார்?

ஹலால் என்பதுதான் என்ன? ‘அனுமதிக்கப்பட்டது’ என்பதே அந்த அரபுச் சொல்லின் பொருள். பன்றி, இரத்தம், தானாகச் செத்த பிராணி, மது ஆகியவை விலக்கு. உண்ணத்தக்க பிராணி உயிரோடிருக்கையில் இறைவன் பெயர் சொல்லி அறுக்கப்பட்டு, இரத்தம் வடிக்கப்படல் வேண்டும். விலக்கப்பட்டவற்றோடு உணவு கலவாதபடி காக்கப்படல் வேண்டும். சைவ உணவுக்காரர் ஒருவர், மச்சம் சமைத்த சட்டியில் தமக்குச் சோறு வேண்டாம் என்கின்றார். அதனை நாம் மதிக்கின்றோமல்லவா? மற்றொருவரின் ஆசாரத்தை மட்டும் சதி என்பது எந்த நியாயம்? உலக நாடுகளின் உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழுவே 1997இல் ஹலால் என்ற சொல்லை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு வழிகாட்டி விதிகளை வெளியிட்டிருக்கின்றது.

இனி, இந்த வாணிகத்தில் பொருளீட்டுவோர் யாவரெனப் பார்ப்போம். ஹலால் கோழியிறைச்சி ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது பிரேசில். அது கத்தோலிக்கர் மிகுந்த நாடு. அவுஸ்திரேலியாவும் நியூசீலாந்தும் தம் ஆட்டிறைச்சியை ஹலால் முறையில் அறுத்து முஸ்லிம் நாடுகளுக்கு அனுப்புகின்றன. எல்லாவற்றிலும் மேலாகத் தாய்லாந்தைப் பாருங்கள். அது பௌத்த நாடு. அங்கே முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவே. எனினும் பாங்கொக் நகரத்துச் சுலாலங்கோன் பல்கலைக்கழகம் ஹலால் விஞ்ஞானத்திற்கென ஒரு நிலையத்தையே நடத்துகின்றது. அந்நாட்டுப் பௌத்தம் அதனால் அழிந்துவிட்டதா? தாய்லாந்துக்காரன் ஆய்வுகூடம் கட்டிய வேளையில், இலங்கையின் பௌத்தக் காவலர்கள் மேடை கட்டினார்கள். பயன் யாருக்குக் கிடைத்ததென்று சொல்லவும் வேண்டுமோ?

2020ஆம் ஆண்டளவில் உலக முஸ்லிம்களின் தொகை ஏறத்தாழ 200 கோடி. மனிதரில் நால்வருக்கு ஒருவர். இந்தோனேசியா 2014இல் இயற்றிய சட்டத்தின்படி, உணவும் பானமும் செய்யும் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு ஹலால் சான்று 2024 ஒக்டோபரில் கட்டாயமாயிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? தன் உணவில் பெரும்பகுதியைப் பிறநாடுகளிலிருந்து தருவிக்கும் மாலைதீவு நம் அயலிலே கிடக்கின்றது. நம் நாட்டிலேயே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 19 இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர். கிழக்கில் அவர்கள் வேலிக்கு மறுபுறத்தார். அடுத்த வீட்டான் கையில் காசோடு நிற்க, நாம் பொருளை வைத்துக்கொண்டு தரகனுக்காகக் காத்திருக்கின்றோம்!

“மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஹலால் எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. தோட்டத்தில் விளைந்தது விளைந்தபடியே விற்கப்படுமாயின் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால், விளைந்தபடி விற்பவன் என்றும் ஏழையாகவே இருக்கின்றான். பக்குவஞ்செய்து, பொதி செய்து விற்பவனே செல்வனாகின்றான். பக்குவஞ் செய்யும் இடத்திலேதான் ஐயமும் பிறக்கின்றது. இனிப்புப் பண்டத்தில் சேரும் ஜெலற்றின் பன்றித் தோலில் எடுத்ததா, மாட்டில் எடுத்ததா? சேர்க்கும் கொழுப்பு மரத்தினதா, மிருகத்தினதா? வாசனைச் சாரம் மதுசாரத்தில் கரைத்ததா? இவற்றுக்கு விடை சொல்லும் ஓலைதான் சான்றிதழ்.

நம் பனையையே உதாரணமாகக் கொள்வோம். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கும் கருப்பநீர் பனங்கட்டியாகின்றது. சுண்ணாம்பின்றி இறங்குவது கள்ளாகின்றது. ஒரே மரம், ஒரே பாளை. ஒன்று ஹலால், மற்றது விலக்கு. இவ்விரண்டையும் வெவ்வேறு கலத்தில், வெவ்வேறு களஞ்சியத்தில் வைத்து, அதனைக் கணக்கிலும் காட்டக்கூடிய சங்கம் எதுவோ, அதன் பனங்கட்டிக்கே முஸ்லிம் நாட்டின் கதவு திறக்கும். ஒடியல் மா, பனாட்டு, செத்தல் மிளகாய்த் தூள், கருவாடு, பதனிட்ட மீன், நண்டு ஆகிய யாவற்றுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஆடு, கோழி வளர்ப்போரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

“பணச்செலவு அதிகம்; ஏழைக் கமக்காரன் எங்கே போவான்?” என்பது அடுத்த தடை. இதில் உண்மையுண்டு, மறைக்கமாட்டோம். கட்டணமும் பரிசோதனையும் தனியொருவன் தோளுக்குப் பெருஞ்சுமைதான். ஆனால், கூட்டுறவு எதற்காக இருக்கின்றது? ஊருக்கொரு சங்கமும் சங்கத்துக்கொரு பலகையும் கண்டோம். பத்துச் சங்கங்கள் கூடி ஒரு பதனிடும் சாலையை அமைத்து, ஒரு சான்றிதழைப் பெற முடியாதா? 1978இல் பிறந்த பனை அபிவிருத்திச் சபை இதற்கு வழிகாட்டக்கூடாதா? கிளிநொச்சியில் விவசாய பீடம் நடத்தும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இதற்குரிய பரிசோதகர்களைப் பயிற்றக்கூடாதா? இரசாயனம் கற்றோரும் கணக்குக் கற்றோரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காக வரிசையில் நிற்கின்றனர். அவர்களுடைய அறிவுக்கு ஊரிலேயே வேலையுண்டு என்று காட்டுவது நம் கடனன்றோ?

“மாடறுப்புக்குத் துணைபோவதா?” என்று கேட்போர்க்கும் ஒரு வார்த்தை. பசுவைப் போற்றும் சைவனை மாடறுக்குமாறு எவரும் கேட்கவில்லை. பனங்கட்டி விற்பதனால் எவன் கைதும் கறைபடாது. அவரவர் கொள்கை அவரவர்க்கு இருக்கட்டும். அதனைச் சாட்டாக வைத்து அயலானின் அடுப்பில் கைவைக்க வேண்டா.

இவை யாவற்றுக்கும் மேலே இன்னொன்று உண்டு. அதனைச் சொல்லாமல் முடிப்போமாயின் நாம் நேர்மையுடையோர் ஆகமாட்டோம். ஹலால் என்பது முத்திரையன்று, நம்பிக்கை. கண்ணால் காணாத ஒன்றை நம் சொல்லை நம்பி மற்றொருவன் உண்கின்றான். அந்த நம்பிக்கையைக் கேட்கும் யோக்கியதை நமக்குண்டா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டபோது நம்மிற் பலர் வாய்மூடியிருந்தோம். தமிழ் பேசும் மக்கள் என்று அவர்களையும் சேர்த்தே மேடைகளில் முழங்கிய நாம், அவர்கள் உடுத்த துணியோடு சென்றபோது எங்கே இருந்தோம்? கிழக்கிலே இரு பக்கத்தும் சிந்திய குருதியும் மறக்கக்கூடியதன்று. மீண்டு வந்தோர் பலர் தம் காணிக்கும் கடைக்கும் நெடுங்காலம் அலைந்தனர். அவர்களைப் பங்காளராகச் சேர்க்காமல், அவர்களுடைய மார்க்கத்தின் பெயரால் ஓர் ஆதாயத்தைத் தேடுவது வாணிகமாகாது, திருட்டாகும்.

ஆகவே நாம் கேட்பது இது: பதனிடும் சாலையின் நிருவாகத்தில் முஸ்லிம் உழைப்பாளியும் முஸ்லிம் வணிகனும் சமமாக அமரட்டும். அறுப்பும் சான்றும் அம்மார்க்கத்தை அறிந்தோர் கையிலேயே இருக்கட்டும். விளைவிப்பதும் பதனிடுவதும் கணக்கெழுதுவதும் இரு சமூகத்தார்க்கும் பொதுவாகட்டும். கலப்படம் செய்பவன் தமிழனாயினும் முதலில் நாமே அவனைச் சந்தியில் நிறுத்துவோம்.

கமக்காரரே, உங்கள் விளைச்சலுக்கு விலையில்லை என்று அழுதது போதும்; விலை கொடுப்பவன் வேலிக்கு அப்பால் நிற்கின்றான். கற்றோரே, உங்கள் கல்வியால் ஊருக்கென்ன பயன் என்ற கேள்விக்கு விடை சொல்லும் வேளை இது. வெறுப்பை விற்றவர்கள் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சரக்கை வாங்கி நாம் பட்டினி கிடப்பதா?