கீழே வந்து சேர்ந்தால்தான் சான்றிதழ்

எங்கட ஃபைல்களில சான்றிதழ் கூடிப்போச்சு. அரை நாள் தலைமைத்துவச் செயலமர்வுக்கு ஒண்டு. கமெராவை மூடிவிட்டுச் சூமில கேட்ட வகுப்புக்கு ஒண்டு. பேரணியில பதாகை பிடிச்சதுக்கும் ஒண்டு. இவற்றில் பெரும்பாலானவை சொல்கிற விசயம் ஒன்றுதான்: இவர் வந்திருந்தார். வந்திருப்பது ஒரு தகுதியா? இல்லை என்பதுதான் எங்கட வாதம். ஒரு சான்றிதழ் எதைச் சொல்ல வேண்டும் எண்டு விளங்க, அமெரிக்காவில இருக்கிற ஒரு பொழுதுபோக்கைப் பார்ப்பம்.

அங்க மாதிரி ரொக்கெட் விடுகிறவர்கள் பெரிய மோட்டர் வாங்க வேண்டும் எண்டால் சான்றிதழ் வேணும். தேசிய ரொக்கெட்டியல் சங்கம், டிரிப்போலி ரொக்கெட்டியல் சங்கம் என்ற இரண்டு அமைப்புகள் அதை வழங்குகின்றன. மோட்டரின் மொத்தக் கணத்தாக்கை ஆங்கில எழுத்துகளால் வகுத்திருக்கிறார்கள். எழுத்து ஒண்டு கூடினால் உச்ச எல்லை இரண்டு மடங்காகும்: எச் வகை 320 நியூட்டன் செக்கன் வரை, ஐ வகை 640 வரை. முதலாம் படி இந்த இரண்டுக்கும். இரண்டாம் படி ஜே, கே, எல் வகைகளுக்கு. அதற்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு. மூன்றாம் படி எம் முதல் ஓ வரை.

முதலாம் படியில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரொக்கெட்டை நீங்களே கட்ட வேணும். அனுபவமுள்ள உறுப்பினர்களுக்கு முன்னால ஏவ வேணும். அது தள்ளாடாமல் ஏற வேணும், பரசூட் விரிய வேணும், பிறகு அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து காட்ட வேணும். இன்னொருக்கா ஏவ முடியாத அளவுக்குச் சேதமெண்டால் சித்தியில்லை. காற்றில அடிபட்டுப்போய்க் கிடைக்காவிட்டாலும் சித்தியில்லை. எவ்வளவு உயரம் போனது என்று ஒருவரும் புள்ளி போடுவதில்லை.

மேலே போகிறதுக்குக் கைதட்டுகிற உலகத்தில, கீழே ஒழுங்காக வந்து சேர்வதை வைத்துத்தான் இவர்கள் தகுதியை அளக்கிறார்கள். அதுக்குள்ள எவ்வளவு படிப்பு இருக்கெண்டு பாருங்கோ. புவியீர்ப்பு மையம் அமுக்க மையத்துக்கு முன்னால, குறைந்தது உடலின் ஒரு விட்டமளவு தள்ளி இருக்க வேணும். இல்லாட்டி ரொக்கெட் வானத்திலேயே குத்துக்கரணம் அடிக்கும். பரசூட்டைத் தள்ளும் சிறு வெடிமருந்து சரியான செக்கனில பற்ற வேணும். பிந்தினால் ரொக்கெட் வேகமாக விழுந்துகொண்டிருக்கும்போது பரசூட் விரிந்து, அதன் கயிறு குழாயைச் சிப் திறந்தமாதிரிக் கிழித்துவிடும். இதெல்லாம் புத்தகத்தில இருக்கிற பௌதிகவியல்தான். ஆனால் இங்க விடை பிழைச்சால் சிவப்புப் பேனையால் அல்ல, தரையில விழுந்துதான் தெரியவரும். பிழைச்சால் அவமானமும் இல்லை. ஒட்டித் திருத்தி, அடுத்த முறை வரலாம்.

எங்கட உயர்தரப் பௌதிகவியலை இதுக்குப் பக்கத்தில வைத்துப் பாருங்கோ. பல்தேர்வு, அமைப்புக் கட்டுரை, கட்டுரை: எல்லாமே தாள். பரிசோதனை பற்றிய கேள்விக்குக்கூடத் தாளில்தான் விடை. ஒரு வேணியர் இடுக்கியைக் கையால் தொடாத பிள்ளையும் அதன் பூச்சிய வழுவைப் பற்றி முழுப் புள்ளி எடுக்கலாம். பிள்ளைகளில பிழையில்லை. கேட்கப்படாததை யார் செய்வார்கள்?

"அமெரிக்காவில வசதி இருக்கு, விடுறாங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அந்த வசதி வானத்தில இருந்து விழவில்லை. 1957இல் ஸ்புட்னிக் பறந்த காலத்தில், அங்கத்தைய பெடியள் வீட்டு நிலவறைகளில குழாய்க்குள்ள மருந்து அடைச்சுக் காயப்பட்டார்கள். தடை போட்டுவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் நெப்ராஸ்காவில சப்பாத்துக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் செய்த பாதுகாப்பான சிறு மோட்டரையும், ஏவுகணைத் தளத்தில வேலை பார்த்த ஹரி ஸ்டைனின் பாதுகாப்பு விதிகளையும் வைத்து ஒரு சங்கத்தையே கட்டினார்கள். பிறகு அரசு நிறுவனமொன்று இந்த மோட்டர் எரிபொருளை வெடிபொருள் பட்டியலில வைத்தபோது, இரண்டு சங்கங்களும் 2000இல் வழக்குப் போட்டு 2009இல் வென்றன. ஒன்பது வருசம்! பொழுதுபோக்குக்காரர்கள் அரசோடு வாதாடி வென்றது, தங்கட விதிகளைத் தாங்களே கண்டிப்பாகக் காத்தவர்கள் என்ற பலத்தோடு.

எங்கட நிலைமை வேற என்பதும் தெரியும். தமிழ்ப் பெடியள் குழாய்க்குள்ள எரிபொருள் அடைக்கினம் என்று காதில விழுந்தாலே என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை பத்தாண்டுகள் நிலைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். சந்தேகத்துக்குள்ள வளர்கிற பிள்ளை எதையும் கட்டிப் பார்க்கத் தயங்கும். அந்தத் தயக்கம் எங்களுக்கு நேர்ந்த இழப்பு, எங்கட குணமல்ல. அதனால வீட்டில வாணமருந்து கிண்டுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. தயவுசெய்து கிண்டாதேங்கோ.

நாங்கள் கேட்பது அந்த விதியை மட்டும். வல்வெட்டித்துறையில தைப்பொங்கலண்டு பட்டம் விடுகிறவர்களுக்கு இது புதுசில்லை. அங்க பட்டம் பறக்க வேணும். பட்டத்தைப் பற்றிப் பேசினதுக்குப் பரிசில்லை. ரொக்கெட்தான் வேணுமெண்டால் சோடாப் போத்தல், தண்ணி, சைக்கிள் பம்ப் போதும். செட்டையும் பரசூட்டும் நீங்களே செய்யுங்கோ. நூலில கட்டிச் சுழற்றி, மூக்கு முன்னால நிற்குதா என்று பாருங்கோ. ஏவும்போது எல்லாரும் தள்ளி நில்லுங்கோ. பரசூட் விரிந்து, திரும்ப ஏவக்கூடியதாக இறங்கினால் சித்தி.

செயலமர்வு நடத்துகிற அமைப்புகளுக்கும் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் அச்சடிக்கிறதை நிப்பாட்டுங்கோ. மொழிபெயர்ப்புப் பயிற்சியா, ஒரு மொழிபெயர்ப்பைக் கேளுங்கோ. படப்பிடிப்பா, ஒரு படத்தைக் கேளுங்கோ. சரியில்லாட்டி "இன்னும் இல்லை, திருத்திக்கொண்டு வா" என்று சொல்லுங்கோ. ஐம்பது பேர் வந்து ஏழு பேர்தான் சான்றிதழ் எடுத்தார்கள் என்றால், நிதி தந்தவர்களுக்கு அதை அப்படியே எழுதுங்கோ. அந்த ஏழு பேரிட்டயும் காட்ட ஒரு பொருள் இருக்கும். மிச்ச நாற்பத்து மூன்று பேருக்கும் திரும்பி வர ஒரு காரணம் இருக்கும்.