எந்தக் கேமரா நமக்கு ஏற்றது?

பள்ளி இயற்கை மன்றத்திற்குக் கேமரா ஒன்று வாங்க வேண்டும். கையில் இருப்பதோ சிறுதொகை. தொழில்முறைக் கலைஞர்கள் கையாளும் மிரர்லெஸ் கேமராவுக்காகப் பணம் சேர்த்துக் காத்திருப்பதா? விலை குறைந்த சூப்பர்ஜூம் கேமராவை இப்போதே வாங்குவதா? இப்போதே வாங்குவது நன்று என்பது என் கருத்து.

மிரர்லெஸ் கேமராவின் சிறப்பை மறுப்பதற்கில்லை. அவ்வகையின் உயர்ந்த கேமராக்களில் ஒளியுணரி 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. சூப்பர்ஜூம் பலவற்றில் அதன் நீளம் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே. ஒளியுணரி பெரிதாயின் மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக அமையும். ஆயினும், தொலைவிலுள்ள பறவையைப் படமெடுக்க நீண்ட லென்ஸ் ஒன்றைத் தனியே வாங்க வேண்டும். அதன் விலை கேமராவின் விலையையே விஞ்சக்கூடும்.

இராஜஸ்தானில் பரத்பூர் அருகிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை எண்ணிப் பாருங்கள். அங்கே நீரின் நடுவே நிற்கும் மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. நாம் கரையில்தான் நிற்க இயலும். 2015இல் வெளிவந்த நிக்கான் பி900 போன்ற சூப்பர்ஜூம், 83 மடங்கு ஜூம் கொண்டு கூட்டை அருகில் காட்டும். விடியற்காலையில் படம் சற்றே தெளிவு குன்றும். வெயில் ஏறும்வரை பொறுத்தால் போதும்.

மேலும், விலையுயர்ந்த கருவி பழுதாகிவிடும் என்னும் அச்சத்தால் அலமாரியிலேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். எளிய கருவியோ எல்லார் கையிலும் புழங்கும். படமெடுத்துப் பழகுபவரே படமெடுக்கக் கற்பர். ஆகவே, மாணவர்களே, ஒரு கருவியை வாங்குமுன், நம்முள் எத்தனை பேருக்கு அது பயன்படும் என்று முதலில் கேளுங்கள்.