அரை டேங்கில் நின்ற லாரி

வானொலியில் ஒலி திடீரென நின்றால், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பெரிய இயந்திரத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். பழகியவர்கள் முதலில் ஒயரைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் ஸ்டூடியோவில் கற்ற இந்தப் பாடத்தை, என் மாமா பாடாங் செராயில் தன் லாரி டேங்கிலிருந்து கற்றுக்கொண்டார்.

மாமா செம்பனைக் குலை ஏற்றுபவர். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற கெடா தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனைதான். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடும். எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் குலையோடு லாரி வழியில் நின்றால், அன்றைய வருமானமும் அங்கேயே நின்றுவிடும்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டானது. அதுவரை டேங்க் நிறைய எண்ணெய் போட்ட மாமா, மானிய அட்டை கைக்கு வரும்வரை அரை டேங்கோடு நிறுத்திக்கொண்டார். தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறும். சில சமயம் அப்படியே நின்றுவிடும்.

முதலில் பார்த்த பட்டறையில், "பம்ப் போச்சு, மூவாயிரம் ரிங்கிட் ஆகும்" என்றார்கள். அது மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். லாரியையே விற்றுவிடலாமா என்று மாமா அத்தையிடம் கேட்டிருக்கிறார்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் லாரியைத் தொடவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"டேங்க்ல எவ்வளவு எண்ணெய் இருக்கும்போதுண்ணே நிக்குது?"

"அரைக்குக் கீழே போனா."

"நிறைய இருந்தா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா."

பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. டேங்கின் மேல்மூடியிலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நுனியில் சல்லடை இருக்கும். அடியில் தேங்கும் தண்ணீரும் சேறும் ஏறாமலிருக்க, குழாய் தரையைத் தொடாமல் சற்று மேலேயே நிற்கும். இன்ஜினில் உள்ள பம்ப் இதன் வழியாகத்தான் எண்ணெயை உறிஞ்சுகிறது. குழாயின் நடுவில் விரிசல் விட்டால், டேங்க் நிறைந்திருக்கும்வரை அது எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும், தொல்லை இல்லை. எண்ணெய் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் பம்ப் எண்ணெயோடு காற்றையும் இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

மெக்கானிக் அதை உறுதிசெய்த விதமும் எளிமையானது. ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்புக்குப் போகும் ஹோஸை அதில் விட்டார். லாரி திணறாமல் ஓடியது. பம்ப் நன்றாக இருக்கிறது, குறை டேங்குக்குள்தான் என்பது தெரிந்துவிட்டது. எண்ணெய் போகும் ஹோஸுக்கும் திரும்பி வரும் ஹோஸுக்கும் அடையாளம் வைத்து, மூடியைக் கழற்றினார். விரிசல் விட்ட குழாயை மாற்றி, அடியில் இருந்த சேற்றை வெளியேற்றி, புது கேஸ்கெட் போட்டு மூடினார். கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே இன்ஜினைக் கிளப்பினார். எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

இதற்கு நெருங்கிய இன்னொரு கோளாறும் உண்டு. லாரி நன்றாகக் கிளம்பும், சிறிது தூரத்தில் நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். அப்படியென்றால் சல்லடையைப் பாருங்கள். உறிஞ்சும்போது அழுக்கு வந்து ஒட்டும். இன்ஜின் நின்றதும் உதிர்ந்துவிடும். 2019-இல் நம் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்கத் தொடங்கினார்கள். லங்காவியில் 2020 முதல் 20 விழுக்காடு. செம்பனை டீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கில் தண்ணீர் சேர்ந்தால், அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான அழுக்காகும். எனவே லாரியை நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை அவ்வப்போது திறந்து வடியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவி வெடித்தால் உயிர் போகும்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது "பம்பைப் பாருங்க" என்று சொல்லாதீர்கள். எப்போது நிற்கிறது, டேங்கில் எவ்வளவு இருந்தது, மேடா சமதரையா, எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடியது என்று சொல்லுங்கள். மாமா இப்போது ஒரு சின்ன நோட்டில் அதையெல்லாம் எழுதி வைக்கிறார். லாரி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.